ஐந்து கிலோமீட்டர் வட்டமும் அப்பாவின் கட்டிலும்

கேள்வி: எனக்கு வயது 44. என் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள், ஜனவரி முதல் டிசம்பர் முடிய, 150 வகைப் பறவைகளைப் பார்த்துவிடுவது என்று இந்த ஆண்டு இலக்கு வைத்தேன். நவம்பர் வந்துவிட்டது; 143இல் நிற்கிறேன். பெரும்பாக்கம் ஏரியில் ஊசிவால் வாத்து வந்திருப்பதாக வாட்ஸப் குழுவில் யாரோ போட்டதைப் பார்த்து, விடியுமுன் வண்டியெடுத்துப் போய் அதைப் பார்த்துவிட்டேன். தேடியவற்றில் கூகையும் ஆறுமணிக்குருவியும்தான் இன்னும் சிக்கவில்லை. குருவிக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் போனேன். (மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்த்த என் அப்பா, இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பின்கட்டு ஜன்னலோரம் படுக்கையில் இருக்கிறார். அந்தக் குருவி நம் கொல்லையிலேயே கத்துகிறது என்கிறார். வயதானவர், எதையோ கேட்டு எதையோ சொல்கிறார்.) ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீடு தங்குவதில்லை என்று மனைவி கோபப்படுகிறாள். எனக்குக் குடியில்லை, சீட்டாட்டமில்லை. இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: குடியில்லை, சீட்டாட்டமில்லை என்பதையே நற்சான்றிதழாக நீட்டும் கணவர்களின் கடிதங்கள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த வழக்குக்குள் நான் நுழையப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கிவிட்ட அந்த மூன்று வரிகள்.

முகம் தெரியாத ஒருவர் கைப்பேசியில் எழுதிய ஒரு வரியை நம்பி, இருட்டில் வண்டியெடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறீர்கள். பெற்ற தகப்பன் படுக்கையிலிருந்து, நீங்கள் தேடுகிற பறவையின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்கிறார். அதை வயதானவரின் உளறல் என்று தள்ளிவிட்டு, அதே பறவையைத் தேடி மூன்று ஞாயிறுகள் காட்டுக்குப் போகிறீர்கள். மேலத்தஞ்சையிலும் கீழத்தஞ்சையிலும் வயலில் நின்று வாழ்ந்தவர்களுக்கு எந்தக் குரல் எதனுடையது என்று சொல்லச் செயலி தேவைப்பட்டதில்லை. அவருக்கு முறிந்தது இடுப்பெலும்பு. காதுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பறவையின் கணக்கிலிருந்தே பார்ப்போம். வட இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருகிற ஆறுமணிக்குருவி, நம் பக்கம் தென்படத் தொடங்குவது பெரும்பாலும் அக்டோபரில்தான். இரவில் பறந்து வந்து களைத்துப்போய் நகரத்து வீட்டு வாசலில் விழுந்து கிடப்பதும், விடிந்ததும் காக்கைகள் அதைத் துரத்துவதும் இந்தப் பருவத்தில் புதிதல்ல. ஆகவே கொல்லையில் அது இருப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. அது பச்சையும் நீலமும் சிவப்புமாக எத்தனை வண்ணத்தில் இருந்தாலும், புதர் நிழலில் சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்றுகொண்டு தரையோடு தரையாக இருப்பதால் கண்ணில் படாது. விடியலிலும் அந்தியிலும் கேட்கும் அந்த இரட்டைச் சீழ்க்கைதான் அடையாளம். அந்த இரண்டு வேளைகளில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? விடியலில் ஏரிக்கரையில், அந்தியில் அலுவலகத்தில், அல்லது வண்டி நெரிசலில். உங்கள் அப்பா இரண்டு வேளையும் ஜன்னலோரத்தில் இருக்கிறார். யாருடைய சாட்சி செல்லும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், பெரும்பாக்கம் ஏரியும், நன்மங்கலம் காடும் ஒரே வட்டத்துக்குள் வாய்ப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அந்த வட்டத்தை வரைய நீங்கள் கவராயத்தின் முள்ளை ஊன்றியது உங்கள் வீட்டின்மேல். ஓரங்களையெல்லாம் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, முள் ஊன்றிய இடத்தை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள். வீட்டருகே பறவை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

நீங்கள் எழுதாத ஒன்றும் எனக்குத் தெரிகிறது. நீங்கள் ஏரிக்கரையில் நிற்கிற விடியற்காலையில் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைத் துணி மாற்றி, கஞ்சி கொடுத்து, மாத்திரையை எண்ணிக் கொடுப்பது யார்? மனைவியின் கோபம் பறவைகள்மேல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாமனாருக்கு மருமகள் செய்வது அவருடைய பெருந்தன்மை. மகன் செய்வது கடமை. பெற்றவர் படுக்கையில் கிடக்கும் வீட்டில் மகனுக்கு ஞாயிறு முழுநாள் விடுமுறை கிடையாது என்பது என் கட்சி. பழங்காலத்துக் கட்சி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

வருகிற ஞாயிறு மாலை ஐந்தே கால் மணிக்கு அப்பாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்காருங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள், தண்ணீர் மோட்டாரை அப்போது போடாதீர்கள். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கும் வேலையும் வேண்டாம். களைத்து வந்த பறவையை அலைக்கழிப்பது அது. குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அப்பாவைக் கேளுங்கள். மரத்தடியில் விழும் சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கம் இருந்தால் மார்ச் வரை நிறுத்திவையுங்கள். அதற்குத் தீனி அந்தச் சருகுக்கடியில்தான் இருக்கிறது. ஈபேர்டு (eBird) போன்ற இணையப் பறவைப் பட்டியல்களில், தானே கேட்டு இனம் கண்ட பறவையையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பா கேட்டது உங்கள் கணக்கில் ஏறாது, நீங்களே கேட்டாக வேண்டும். அதற்காகவாவது உட்கார்வீர்கள் என்று நம்புகிறேன்.

கூகையைப் பற்றியும் அவரிடமே விசாரியுங்கள். இடுப்பு வலியில் இரவெல்லாம் கண் மூடாமல் கிடப்பவருக்கு, அந்தக் கரகரத்த கிறீச்சொலி எந்த மாடியிலிருந்து எத்தனை மணிக்குக் கேட்கிறது என்பது தெரிந்திருக்கலாம். நீங்கள் அப்போது, மறுநாள் விடியலுக்காக அலாரம் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

150 எட்டுமா என்பதைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. டிசம்பர் முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கஞ்சியும் மாத்திரையும் உங்கள் கையால் நடக்கட்டும், உங்கள் மனைவி ஏழு மணி வரை தூங்கட்டும்; அதற்குப் பிறகு ஏரிக்குப் போவதென்றால் அவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ஜனவரியில், பொங்கலையொட்டி நான்கு நாள், பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் இருந்து எண்ணினால் போதும் என்பதால், நான்கு நாளும் அதை உங்கள் கொல்லையிலேயே, அப்பாவோடு சேர்ந்து செய்யுங்கள்.