விளக்கடியில் மூன்று விதமான மேஃப்ளை: மூன்றும் வேறு வேறு சிற்றினமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். மழை விட்ட இரவுகளில் எங்கள் வீட்டு டியூப்லைட்டைச் சுற்றிச் சின்னச் சின்ன மேஃப்ளை (நீரில் வளர்ந்து இறக்கையோடு வெளிவரும் பூச்சி) வருகின்றன. ஊரில் எல்லாவற்றையும் ஈசல் என்றே சொல்கிறார்கள். என் மாணவர்கள் அவற்றை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: புகைபடிந்தது போன்ற இறக்கை உள்ளவை, கண்ணாடி இறக்கை உள்ளவை, கண்ணாடி இறக்கையோடு தலைமேல் ஆரஞ்சுக் குமிழ் உள்ளவை. எல்லாவற்றுக்கும் இரண்டே வால். இவை மூன்று சிற்றினங்களா? பத்து மடங்கு லென்ஸும் பள்ளி மைக்ரோஸ்கோப்பும் இருக்கின்றன.

பதில்: மூன்றும் ஒரே சிற்றினமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் மாணவர்கள் நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பிரித்தது வயதையும் பாலையும்.

முதலில் ஈசல் விஷயம். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், முதுகின்மேல் படுத்திருக்கும், சீக்கிரம் உதிர்ந்துவிடும். மேஃப்ளை உட்கார்ந்தால் இறக்கை செங்குத்தாக நிற்கும், பின்னால் நூல்போல வால் நீளும். இது போதும்.

இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி மேஃப்ளை மட்டும்தான். நீரிலிருந்து எழுந்ததும் அது மங்கிய இறக்கையோடு இருக்கும்; இறக்கை ஓரத்தில் பொடி ரோமம், வாலும் குட்டை. இந்த நிலைக்கு சப்இமாகோ என்று பெயர். பெரும்பாலும் ஒரு ராத்திரி போனதும் மறுபடி தோலுரித்துக் கண்ணாடி இறக்கையோடு வெளிவரும். ஆரஞ்சுக் குமிழ் என்று நீங்கள் எழுதியது ஆணின் கண். மேஃப்ளைகளில் பேட்டிடே என்ற குடும்பத்து ஆணுக்கு ஒவ்வொரு கண்ணிலும் மேல்பாதி தலைப்பாகை கட்டியதுபோல உயர்ந்திருக்கும். பெண்ணுக்கு அது கிடையாது. மங்கியவற்றை மறுபடி லென்ஸில் பாருங்கள். அவற்றிலும் குமிழ் உள்ளது, இல்லாதது என்று இரண்டும் இருக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. மங்கிய பூச்சி ஒன்றை உயிரோடு ஒரு டம்ளரில் விட்டு, ஒரு குச்சி வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். காலையில் பளபளக்கும் பூச்சியும் வெறும் தோலும் இருக்கும். இரண்டையும் ஒரே குப்பியில் போடுங்கள். மாணவர்கள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்கவே மாட்டார்கள்.

வயதையும் பாலையும் பிரித்த பிறகுதான் சிற்றினத்தைத் தேட வேண்டும். பேட்டிடே குடும்பத்தில் பின்னிறக்கை மிகச் சிறியது, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. உங்களிடம் இந்தக் குடும்பத்தின் குளோயான், பேட்டிஸ் என்ற இரண்டு பேரினங்களுமே (பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) இருக்கலாம். குளோயானுக்குப் பின்னிறக்கை இல்லை. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்; பேட்டிஸின் நெருங்கிய உறவுகள் சிலவற்றுக்கும் அது இல்லை. முன்னிறக்கையின் வெளி ஓரத்தில், பெரிய நரம்புகளுக்கு நடுவே, மற்ற நரம்போடு சேராமல் தனியே நிற்கும் குட்டி நரம்புகளைப் பாருங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்றே ஒன்று இருந்தால் குளோயான் பக்கம், இரண்டிரண்டாக இருந்தால் பேட்டிஸ் பக்கம். இறக்கையை ஒரு சொட்டு நீரில் விரித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் தெளிவாகத் தெரியும்.

இதுவரை வந்தது பேரினம் வரைதான். ஒரே பேரினத்தின் இரண்டு சிற்றினங்களைப் பிரிக்க ஆணின் வயிற்று நுனிக்குத்தான் போக வேண்டும். வயிற்றின் ஒன்பதாவது கண்டத்தின் (வளையத்தின்) அடியில் ஓர் இடுக்கி இருக்கும், கலவியின்போது பெண்ணைப் பிடிக்க. அதன் கணுக்களின் நீளம், கடைசிக் கணுவின் வடிவம், இடுக்கியின் இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள பகுதியின் அமைப்பு, இவையெல்லாம் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். கடைசி மூன்று கண்டங்களை வெட்டி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊற வைத்து, நீரில் அலசி, கிளிசரின் சொட்டில் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வையுங்கள். கரைசல் தோலை அரிக்கும். அதை நீங்களே கையுறை போட்டுச் செய்யுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். பெண் பூச்சியைப் பல நேரம் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

நிறத்தையும் அளவையும் நம்பாதீர்கள். ஆல்கஹாலில் நிறம் வெளுக்கும். வெயில் காலத்தில் வளர்ந்த பூச்சி, குளிரில் வளர்ந்த அதே சிற்றினத்தைவிடச் சிறியதாக இருக்கும். உடலமைப்பும் எப்போதும் முழு விடை தருவதில்லை: ஐரோப்பாவில் பேட்டிஸ் ரோடானி என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டவற்றை மரபணு வழியே ஆராய்ந்தபோது, பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தவற்றுக்குள் தெளிவாகப் பிரிந்த பல கிளைகள் இருந்தன. அதனால் சிலவற்றை 95 சதவீத எத்தனாலில் தனியாக எடுத்து வையுங்கள். மற்றவற்றுக்கு 70 முதல் 80 சதவீதம் போதும். ஃபார்மலின் வேண்டாம், அது மரபணுவைக் கெடுக்கும். ஊசியில் குத்தவும் வேண்டாம், காய்ந்ததும் கால்கள் உதிரும்.

முடிந்தால் நிம்ஃபையும், அதாவது நீரில் வாழும் இளம்பருவத்தையும், தேடுங்கள். குளோயான் தேங்கிய நீரில் வாழும். ஊர் ஏரியின் ஓரப் புல்லை வலையால் அலசினாலே கிடைக்கும். பேட்டிஸ் வகை ஓடும் நீரில், கல்லின்மேல் இருக்கும். குளோயானின் வயிற்றுச் செவுள்கள் கடைசி இணை தவிர இரட்டை இலைபோல் இருக்கும், பேட்டிஸுக்கு எல்லாமே ஒற்றை இலை. நிம்ஃபை வகுப்பிலேயே வளர்த்துப் பறக்க விட்டால், அது நீரில் உரித்துவிட்ட தோலையும் வளர்ந்த பூச்சியையும் சந்தேகமில்லாமல் ஜோடி சேர்க்கலாம். என் கணக்கில், விளக்கில் பிடித்த நூறு பூச்சியைவிட இப்படி ஜோடி சேர்ந்த ஒன்று மதிப்பு மிக்கது.

ஒகேனக்கல் சுற்றிய காடு 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியது. காட்டுக்குள் இறங்கிப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். உங்கள் வாசல் விளக்கும் ஊர் ஏரியுமே ஆரம்பத்துக்குப் போதும். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் இடம், தேதி, விளக்கா நீரா என்பதைப் பென்சிலால் எழுதிய துண்டுத்தாள் போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இடுக்கி தெரியும்படி அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால், அடுத்த படியை நாம் சேர்ந்தே பார்க்கலாம்.