எதிராளியின் நகர்வையே எதுவரை ஆடலாம்?

கேள்வி: சதுரங்கப் போட்டியொன்றில் கறுப்புக் காய்களுடன் ஆடினேன். எதிராளி சி4 (சிப்பாயை சி4 கட்டத்துக்கு நகர்த்துவது) என்று, இங்கிலீஷ் ஓப்பனிங் எனப்படும் தொடக்கத்தை ஆட, நானும் சி5 ஆடினேன். இரு குதிரைகள், ஜி2-க்கு எதிரே ஜி7-இல் பிஷப், காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) என ஆறு நகர்வுகள்வரை அவர் ஆடியதையே ஆடினேன். ஏழாவதாக அவர் டி4 ஆடியபோது நானும் டி5 ஆடினேன். அதன்பின் ஆட்டம் என் கையில் இல்லை. எங்கே பிசகினேன்?

பதில்: முதல் ஆறு நகர்வுகளில் குறையே இல்லை. சமச்சீரான நிலையில் வெள்ளைக்கு இருப்பது ஒரு நகர்வின் முந்துதல் மட்டுமே. பலகையின் நடுப்பகுதி திறக்காதவரை அதற்குப் பெரிய மதிப்பில்லை. டி4 அந்த நடுப்பகுதியைத் திறக்கிறது. நீங்கள் டி5 ஆடியதும் வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டி, குதிரையால் நீங்கள் திருப்பி வெட்ட, அக்குதிரையையும் தன் குதிரையால் வெட்டினால், உங்கள் ராணி டி5-க்கு வர நேர்கிறது. அடுத்து சி5 சிப்பாயை வெள்ளை எடுத்து, நீங்கள் ராணியால் அதை மீட்டவுடன், வெள்ளையின் பிஷப் இ3-க்கு வந்து ராணியை விரட்டியபடியே தானும் களத்தில் இறங்கிவிடுகிறது. அந்த ஒரு நகர்வின் முந்துதல் அங்கேதான் பலிக்கிறது.

டி5-க்குப் பதிலாக சி5 சிப்பாயால் டி4-இல் வெட்டியிருக்க வேண்டும். வெள்ளை குதிரையால் திருப்பி வெட்ட, குதிரைகளை மாற்றிக்கொண்டால், வெள்ளை ராணி டி4-இல் உங்கள் ஜி7 பிஷப்பின் கோட்டிலேயே வந்து நிற்கும். இடையில் இருப்பது உங்கள் எஃப்6 குதிரை மட்டுமே. நீங்கள் டி6 ஆடியதும் ராணி பெரும்பாலும் டி3-க்குப் பின்வாங்கும். பிறகு ஏ6, பி8-க்கு யானை, பி5 என்று ராணிப்பக்கத்தில் முன்னேறலாம். சி4 சிப்பாயால் வெள்ளைக்குச் சற்றே கூடுதல் இடம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டுதான் ஆட வேண்டும்.

என்னைக் கேட்டால், சமச்சீரை ஐந்தாவது நகர்விலேயே முறிப்பேன். இ6 ஆடி, குதிரையை எஃப்6-க்குப் பதிலாக இ7-க்குக் கொண்டுவந்தால் பிஷப்பின் பாதை மறைவதில்லை. சி5 சிப்பாய், சி6 குதிரை, ஜி7 பிஷப் மூன்றும் டி4 கட்டத்தைக் குறிவைத்திருக்கும். டி5 தள்ளுவதற்கும் அந்த அமைப்பே துணை நிற்கும்.

கேள்வி: சி4 தொடக்கம் சமநிலையில் முடியும் மந்தமான ஆட்டங்களுக்குத்தான் ஏற்றதா?

பதில்: இல்லை. 1987-இல் செவில் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 24-ஆவது, கடைசி ஆட்டத்தில் கட்டாயம் வென்றாக வேண்டிய நடப்புச் சாம்பியன் காஸ்பரோவ் ஆடிய முதல் நகர்வு சி4. எதிராளி கார்ப்போவ் இ6 என்று பதில் ஆடியதால் அது சமச்சீர் வகையாக அமையவில்லை. காஸ்பரோவ் அவசரப்படாமல் நெருக்கிக்கொண்டே போய் வென்றார். போட்டி 12-12 என்று சமனாக முடிந்ததால் பட்டமும் அவரிடமே நின்றது.