வினிகரும் அமிலம்தான், கந்தக அமிலமும் அமிலம்தான். ஒன்றை உண்கிறோம், மற்றொன்று தோலைப் பொசுக்குகிறது. ஏன்?

வலிமை (அமில மூலக்கூறுகளில் எத்தனை நீரில் பிரிகின்றன என்பது) வேறு, செறிவு (நீரில் எவ்வளவு அமிலம் கலந்திருக்கிறது என்பது) வேறு. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அமிலம் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியை, அதாவது மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் அணுவை, விட்டுக்கொடுக்கிறது. நீல லிட்மஸ் சிவப்பாவதும், துத்தநாகத் துண்டின் மேல் குமிழிகள் எழுவதும் அந்த அயனியின் வேலை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் அதை விட்டுவிடுகின்றன. வினிகரிலோ அசிட்டிக் அமிலமே சுமார் 5 சதவீதம்தான். அதிலும் நூற்றில் ஒரு மூலக்கூறுகூடப் பிரிவதில்லை. ஆனாலும் கெட்டிலின் அடியில் படிந்த வெள்ளைக் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க அது போதும். ஊற்றிக் காதைக் கொடுத்தால், கார்பன் டை ஆக்சைடு மெல்லச் சீறுவது கேட்கும்.

அடர் கந்தக அமிலம் இன்னொரு வேலையும் செய்கிறது: நீரைப் பறிக்கிறது. சர்க்கரையில் ஊற்றினால் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் ஆவி பறக்கக் கரித்தூணாகப் பொங்கி எழும். தோலிலும் அதே பறிப்புதான், கூடவே கடும் வெப்பம். ஆகவே நீர்க்கச் செய்யும்போது அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

'வலிமை குறைந்தது' என்றால் பாதுகாப்பானது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் அந்த வகைதான்; அது கண்ணாடியை அரிக்கும், தோலை ஊடுருவி எலும்புவரை செல்லும். சாதுவான வினிகரைக்கூடக் குளோரின் பிளீச்சுடன் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.