நோய் வரும் முன்பே: குழந்தை நலம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 9 மாதம். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மாதந்தோறும் எடை பார்க்க அழைக்கிறார்கள். நலமாக இருக்கும் குழந்தையை ஏன் அலைய வைக்க வேண்டும், டாக்டர்?

பதில்: நலமாக இருக்கும்போதே பார்த்து வந்தால்தான் நலிவு தொடங்கும் இடம் தெரியும். ஒரு நாள் எடையை மட்டும் வைத்து நான் எதையும் சொல்வதில்லை. வளர்ச்சி அட்டையில் அடுத்தடுத்த எடைகளைப் புள்ளிகளாகக் குறித்து இணைத்தால், கோடு எந்தத் திசையில் போகிறது என்பது தெரியும். அதைத்தான் பார்க்க வேண்டும். பிறந்தபோது இருந்த எடை சுமார் 5 மாதத்தில் இரு மடங்காகும், ஒரு வயதில் மும்மடங்காகும். பக்கத்து வீட்டுக் குழந்தையைவிட ஒல்லியாக இருப்பது கவலைக்குரியதே அல்ல. ஏறி வந்த கோடு சரிந்தாலோ, சில மாதங்களாக ஏறாமல் நின்றாலோ, உடனே காரணம் தேட வேண்டும்: உணவு போதவில்லையா, அடிக்கடி பேதியா, மறைந்திருக்கும் தொற்றா? உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நெடுநாள் ஊட்டக்குறைவு உயரத்தில்தான் வெளிப்படும்.

கேள்வி: பேத்திக்கு ஒன்றரை வயது. பேதி நிற்கும்வரை பாலையும் உணவையும் நிறுத்துவதுதானே முறை? (ஒரு தாத்தா)

பதில்: ஐயா, தயவுசெய்து எதையும் நிறுத்தாதீர்கள். உங்கள் தலைமுறை அப்படித்தான் கேட்டு வளர்ந்தது. ஆனால் பேதியில் குழந்தையின் உயிரைப் பறிப்பது நீரும் உப்பும் வெளியேறுவதுதான். பேதியின்போதும் குடலில் ஒரு வழி திறந்தே இருக்கிறது: குளுக்கோஸ் உள்ளே நுழையும்போது சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது, அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகிறது. ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைப் பொடியின் கரைசல் உயிர் காப்பது இதனால்தான். அதே காரணத்தால் அளவும் பிசகக் கூடாது. பொட்டலத்தில் எவ்வளவு நீர் என்று அச்சிட்டிருக்கிறதோ, அவ்வளவு சுத்தமான நீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். குளிர்பானங்கள் கூடாது. அவற்றில் உள்ள மிகுதியான சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும்.

இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். துத்தநாகம் (ஜிங்க்) நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். பேதி நின்றுவிட்டாலும் பாதியில் விடாதீர்கள். கண் குழிதல், குடிக்க முடியாத சோர்வு, மலத்தில் இரத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஊசி போடும் நாளன்று சளி இருந்ததால் போகவில்லை. நான்கு மாதம் ஓடிவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். விட்ட தவணையிலிருந்து தொடரலாம். சாதாரணச் சளியும் லேசான காய்ச்சலும் தடுப்பூசிக்குத் தடையே அல்ல. முந்தைய தவணைக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். இனித் தாமதிக்காதீர்கள். தட்டம்மை கண்ட ஒருவரிடமிருந்து, எதிர்ப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேருக்கு அது பரவும். சுமார் 95 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் அந்தப் பரவல் அடங்கும். ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தைகளுக்கு உங்கள் பிள்ளை போட்டுக்கொள்ளும் ஊசிதான் காவல்.

கேள்வி: இருமல் வந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு அல்லவா?

பதில்: அல்ல. பெரும்பாலான சளியும் இருமலும் வைரஸால் வருபவை, அவற்றை அந்த மருந்து தொடுவதே இல்லை. அதைவிடப் பயன்படும் ஒன்றை நீங்களே செய்யலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியா என்று ஐயப்பட வேண்டும். மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் அது இன்னும் அவசரம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், உடனே மருத்துவமனை.

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்குத் தண்ணீரும் தேனும் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 6 மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தேவையான நீரும் அதிலேயே இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் விதைகள் சிசுவின் குடலில் முளைத்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஒரு வயது வரை தேனைத் தொடவே விடாதீர்கள்.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த நலப்பணியாளர். கைப்பேசியில் காணொளி பார்க்கலாமா என்று பல தாய்மார்கள் கேட்கிறார்கள். இன்னொன்று, என் பணியில் எதற்கு முதலிடம் கொடுப்பது?

பதில்: முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது: 2 வயது நிறையும்வரை திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

இரண்டாவதுதான் பெரிய கேள்வி. ஆரம்ப சுகாதாரம் எல்லோருக்கும், அவர்கள் வாழும் இடத்துக்கு அருகிலேயே, அவர்களின் பங்கேற்போடு கிடைக்க வேண்டும் என்று 1978-இல் அல்மா-அட்டா நகரில் கூடிய பன்னாட்டு மாநாட்டின் அறிக்கை சொன்னது. குடிநீரும் கழிவறையும் உணவும் அதற்குள் அடங்கும் என்றும் அது தெளிவாகச் சொன்னது. நடைமுறையில் பார்த்தால், உங்களைத் தேடி வருவது பெரும்பாலும் ஏற்கெனவே கவனிக்கப்படும் குழந்தைதான். பதிவேட்டைத் திறந்து, போன மாதம் வராத பெயர்களைத் தனியே எழுதுங்கள். கைச்சுற்றளவு நாடாவை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அன்றே சிகிச்சைக்கு அனுப்புங்கள்.