124 கிரெய்ன் தோட்டா, வேகம் வினாடிக்கு 985 அடி: புரொடக்‌ஷனில் போதுமா?

நண்பரே, போதாது. தோட்டாவின் எடையை (கிரெய்ன் என்பது அதன் அலகு) வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் பவர் ஃபேக்டர்; உங்களுக்கு 122 வருகிறது. ஐபிஎஸ்சி (சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் அமைப்பு) போட்டிகளின் புரொடக்‌ஷன் பிரிவில் குறைந்தபட்ச பவர் ஃபேக்டர் 125. அதற்குக் கீழே போனால் சுட முடியும், மதிப்பெண் கிடையாது. சரியாக 125-ஐயும் குறிவைக்காதீர்கள். போட்டியில் அவர்களுடைய வேகமானி வேறு, அன்றைய குளிர் வேறு. வினாடிக்கு 1050 அடி வருகிற தோட்டாவாகப் பாருங்கள், 130 கிடைக்கும்.

பெரிய .40 காலிபர் தோட்டாவுக்கு மாறி மேஜர் (வலிமையான தோட்டாவுக்குக் கூடுதல் புள்ளி தரும் கணக்கு) போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். புரொடக்‌ஷனில் எதைச் சுட்டாலும் மைனர் கணக்குதான்: இலக்கின் ஏ பகுதிக்கு 5, சி-க்கு 3, டி-க்கு 1. அதிக உதையைத் தாங்குவதால் ஒரு புள்ளிகூட அதிகம் கிடைக்காது. 9 மில்லிமீட்டரிலேயே இருங்கள்.

ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) பொருத்தினால் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் என்ற வேறு பிரிவுக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பணத்துக்கு, ஆடாத பெல்ட்டும் நல்ல உறையும் வாங்குங்கள். உறை இடுப்பெலும்பின் முன்விளிம்பைத் தாண்டி முன்னே வரக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை உங்கள் விரல்தான். மேகசின் (தோட்டாப் பெட்டி) மாற்றும்போது விரல் டிரிகர் வளையத்துக்குள் இருந்தால் அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. காலித் துப்பாக்கியுடன் பழகுங்கள்: மேகசின் விழும் நொடியில் விரல் ஸ்லைடை ஒட்டி நேராக நீண்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.