இரட்டைக் கன்றுக்கு ஊசி போடலாமா? கறவை மாடு கேள்வி-பதில்

கே: ஹார்மோன் ஊசி போட்டால் பசு இரட்டைக் கன்று போடுமாமே? (காரைக்குடி)

போடும். இரண்டோடு நிற்குமா என்பதுதான் சிக்கல். சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.எம்.எஸ்.ஜி. என்ற ஹார்மோன் கருமுட்டைகளைக் கூடுதலாக முதிர வைக்கும். ஆனால் அதே அளவு மருந்துக்கு ஒரு பசுவில் ஒரு முட்டை வெடிக்கும், அடுத்ததில் ஐந்தாறு வெடிக்கும். மருந்து பல நாள் உடம்பில் தங்கும். போட்டபின் பிடித்து நிறுத்த வழியில்லை. மூன்று நான்கு கரு தங்கினால் பெரும்பாலும் சினை கலையும். கருமுட்டைகளை வளர்க்கும் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச். ஊசி 4 நாள், காலை மாலை, அளவைக் குறைத்துக்கொண்டே போடுவது. அது கருவூட்டலுக்குப் பிறகு 7-ஆம் நாள் கருக்களைக் கழுவி எடுத்து வேறு பசுக்களில் வைக்கும் பண்ணைகளுக்கு. வீட்டுத் தொழுவத்துக்கு இல்லை.

கே: இரட்டைக் கன்றில் ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரியை வளர்க்கலாமா? (தேவகோட்டை)

பார்த்துவிட்டு வளருங்கள். இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் நூற்றுக்கு 90-க்கு மேல் மலடு. கருப்பையில் இரண்டின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் இணைந்து, காளைக் கருவின் ஹார்மோன் கிடேரியின் கருப்பையை வளரவிடாது. முதல் மாதத்திலேயே, முனை மழுங்கிய சுத்தமான குழாயில் வழுவழுப்பு தடவி மருத்துவர் பிறப்புறுப்பின் ஆழம் பார்ப்பார். நல்ல கிடேரியில் 12 செ.மீ.க்கு மேல் போகும், மலட்டில் 5–8 செ.மீ.யில் முட்டும். இரட்டை ஈற்றில் ஏறக்குறைய பாதி இப்படிக் கலந்துதான் வரும். ஊசிக்குச் செலவழித்து மலட்டுக் கிடேரி வாங்குவானேன்?

கே: தானாகவே இரட்டை ஈன்றது. நஞ்சுக்கொடி விழவில்லை. (திருப்பத்தூர்)

இரட்டையில் இது சகஜம். நாள் நிறையுமுன்பே ஈனுவதும் ஒரு காரணம். கையால் இழுக்காதீர்கள், கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கருப்பை கிழியும், புண்ணாகும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். அதற்குள் இரு கன்றுக்கும் சீம்பால் போகட்டும்: எடையில் பத்தில் ஒரு பங்கு, முதல் ஊட்டு இரண்டு மணி நேரத்துக்குள். வலுத்தது குடித்துவிட்டு மெலிந்ததைத் தள்ளிவிடும், மெலிந்ததற்குப் புட்டியில் கொடுங்கள்.

கே: புலிக்குளம் நாட்டு இனப் பசுவுக்கு இரட்டைக் கன்று ஊசி போடலாமா? (கல்லல்)

வேண்டாம். அதன் பால் ஒரு கன்றுக்கே சரியாக இருக்கும்.

கே: கிடேரி நிறைய வேண்டும், வேறு வழி? (காரைக்குடி)

பாலினம் பிரித்த உறைவிந்து: பத்துக்கு ஒன்பது கிடேரி. பருவம் தெளிவாகத் தெரியும் மாட்டுக்குப் போடுங்கள். பருவமே காட்டாத மாட்டுக்குத்தான் ஹார்மோன் உருப்படியாக உதவும்: முதல் நாள் முட்டையை வெடிக்க வைக்கும் புசரலின் 10 மைக்ரோகிராம், 7 நாள் கழித்துப் பருவத்துக்குக் கொண்டுவரும் குளோப்ரோஸ்டினால் 500 மைக்ரோகிராம், அதிலிருந்து இரண்டாம் நாள் மாலை மறுபடி புசரலின், மறுநாள் காலை கருவூட்டல். முன்னதாகச் சினைப் பரிசோதனை கட்டாயம், குளோப்ரோஸ்டினால் சினையைக் கலைத்துவிடும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைத் தொடவே கூடாது. தோல் வழியாகவே உள்ளே போகும்.