சிவப்பு மையால் அடித்த சொல்

கேள்வி: நான் பள்ளி வரலாற்று ஆசிரியை. ஜனவரி 27, யூதப் படுகொலை நினைவு நாளுக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுவரிதழ் தயாரித்தார்கள். மூத்த ஆசிரியர் ஒருவர் 'யூதர்கள்' என்ற சொல்லை எல்லா இடத்திலும் சிவப்பு மையால் அடித்து, 'அப்பாவி மக்கள்' என்று எழுதிவிட்டார். "செத்தவர்கள் மனிதர்கள், அவ்வளவுதான். காஸா செய்தி வரும் நேரத்தில் எதற்கு வம்பு?" என்கிறார். நல்ல மனிதர்தான். நான் என்ன செய்யட்டும்?

பதில்: நல்ல மனிதர் என்பதை நம்புகிறேன். ஆனால் அவர் செய்த அதே திருத்தத்தை 1944இல் ஓர் அரசாங்கமே செய்திருக்கிறது. அந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள்.

அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்த, ஹிட்லரின் ஜெர்மானியப் படை பிடித்த உக்ரைன் தலைநகர் கீவின் சுவர்களில் 1941 செப்டம்பர் 28 அன்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ரஷ்யன், உக்ரைனியன், ஜெர்மன் என்று மூன்று மொழிகளில். நகரத்து யூதர்கள் அனைவரும் மறுநாள் காலை எட்டு மணிக்குள் இன்ன தெருமுனைக்கு வர வேண்டும்; அடையாளச் சான்று, பணம், விலையுயர்ந்த பொருள்கள், குளிருடை கொண்டுவர வேண்டும்; வராதவர் சுடப்படுவார். எங்கோ ரயிலேற்றி அனுப்பப்போகிறார்கள் என்று நம்பி மூட்டை முடிச்சோடு வந்தவர்கள் பலர். நகர் ஓரத்தில் 'பாபி யார்' என்ற பெயருள்ள பள்ளத்தில் இரண்டே நாளில் 33,771 பேரைச் சுட்டார்கள். கொன்றவர்களே எழுதி மேலிடத்துக்கு அனுப்பிய கணக்கு அது.

ஊர் மீட்கப்பட்டபின் சோவியத் விசாரணைக் குழு எழுதிய வரைவு அறிக்கையில் 'யூத மக்கள்' என்றே இருந்தது. 1944இல் வெளியானபோது அது 'அமைதியான சோவியத் குடிமக்கள்' ஆகியிருந்தது. 1976இல் எழுப்பிய நினைவுச் சின்னத்திலும் கீவ் குடிமக்கள், போர்க் கைதிகள் என்றே பொறித்தார்கள். யூதருக்கென்று ஏழு கிளை விளக்கு வடிவில் ஒரு சின்னம் அங்கே வர 1991 ஆயிற்று. (நடுவில் அந்தப் பள்ளத்தையே சேற்றால் நிரப்பப் பார்த்தார்கள். 1961இல் கரை உடைந்து பக்கத்துக் குடியிருப்புகள் மூழ்கின.)

கொல்லக் கூப்பிடும்போது பெயர் சொல்லித்தானே கூப்பிட்டார்கள்? எழுதும்போது மட்டும் என்ன கூச்சம்?

காஸா பற்றிப் பிள்ளைகள் கேட்டால் தயங்காமல் பேசுங்கள். இஸ்ரேல் அரசின்மேல் உங்கள் சக ஆசிரியருக்குக் கோபம் இருந்தால் அவரும் பேசட்டும். அந்தக் கோபத்தை 1941இல் தெருமுனையில் மூட்டையோடு நின்ற கிழவியின் கணக்கில் எழுதக் கூடாது.

எடுத்த எடுப்பில் தலைமையாசிரியரிடம் போகாதீர்கள். பிள்ளைகள் எதிரிலும் வேண்டாம், முறுக்கிக்கொள்வார். தனியாகப் பேசுங்கள். அவர் பக்கத்து நியாயத்துக்கும் இடம் கொடுங்கள்: அதே பள்ளத்தில் 'ஜிப்சிகள்' என்று அழைக்கப்பட்ட ரோமா இனத்தவர், போர்க் கைதிகள், மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்று மற்றவர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களையும் சேர்த்து எழுதலாம், அவரவர் பெயரோடு. 'அப்பாவி மக்கள்' என்ற சொல்லில் அவர்களும்தானே காணாமல் போனார்கள்!

அடித்த தாளைக் கிழித்துவிட வேண்டாம். மூத்தவர் சம்மதித்தால், புதுத் தாளுக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டுங்கள். 1944இல் நடந்ததை நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.